124-க்கு 23: ஓர் ஆஸ்பத்திரி சீரியலின் விருதுப் பேரேடு

வர வேண்டியதை வந்ததில் எழுதினால் ஐந்தொகை இடிக்கும். பர்மாவிலும் மலேயாவிலும் கிட்டங்கியில் உட்கார்ந்து கணக்குப் பழகிய பெட்டியடிப் பையனுக்குக்கூட இது தெரிந்திருக்கும். ஆனால் அமெரிக்க சீரியல்களின் விருதுகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது இந்தச் சின்ன விஷயம்தான் அடிக்கடி சறுக்குகிறது. எம்மி என்பது அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கும் பெரிய விருது. ‘ஈ.ஆர்.’ என்ற ஆஸ்பத்திரி சீரியலை ‘124 எம்மி வாங்கிய சீரியல்’ என்று ஒருவர் எழுதுவார். அதை நாலு பேர் எடுத்துப் போடுவார்கள். கடைசியில் காரைக்குடிப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரி வினாடி வினாவில் அதுவே சரியான விடையாகிவிடும். 124 என்பது நாமினேஷன், அதாவது போட்டிப் பட்டியலில் பெயர் வந்த எண்ணிக்கை. கைக்கு வந்தது 23. அந்த 23-லும் ‘சிறந்த நாடகத் தொடர்’ என்கிற பெரிய விருது ஒரே ஒரு தடவைதான், 1996-ல்.

ஈ.ஆர். என்பது எமர்ஜென்சி ரூம் என்பதன் சுருக்கம். என்பிசி சேனலில் 1994 செப்டம்பர் 19-ல் தொடங்கி 2009 ஏப்ரல் 2 வரை ஓடியது. 15 சீசன், 331 எபிசோடு. உருவாக்கியவர் மைக்கேல் கிரைட்டன், ஹார்வர்டில் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு எழுத்துக்குப் போனவர். 1974-ல் எழுதிய திரைக்கதை 20 வருஷம் யாரும் எடுக்காமல் கிடந்தது. கடைசியில் எடுத்தபோதும் பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. முதல் எபிசோடைப் படம்பிடித்தது லாஸ் ஏஞ்சல்ஸில் மூடிக்கிடந்த லிண்டா விஸ்டா என்ற ஆஸ்பத்திரிக்குள். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பூட்டிக்கிடக்கும் வளவு வீடுகளுக்குள் யூனிட் வந்து இறங்குவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அதற்கப்புறம்தான் பர்பாங்கில் வார்னர் ஸ்டூடியோவுக்குள் செட் போட்டார்கள்.

கதை நடக்கும் ஊர் சிகாகோ. அந்த ஊருக்கும் நம்ம பக்கத்துக்கும் அதே 1994-ல் ஒரு தொடுப்பு உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்திருந்த புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது அந்த வருஷம்தான். அவை இப்போது சென்னையில் நூலகமாக இருக்கின்றன. சீரியலுக்கும் இதற்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.

இனி கணக்கு. முதல் சீசனுக்கு மட்டும் 23 நாமினேஷன், 8 விருது. மூன்றில் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மொத்தத்தில் இதைக் கழித்துப் பாருங்கள்: மிச்சம் 14 சீசனுக்கு 101 நாமினேஷன், 15 விருது. ஏறக்குறைய ஏழில் ஒன்றுதான். ஆக, இந்த சீரியலின் புகழ் 15 வருஷத்துக்கும் சமமாகப் பரவி நிற்கவில்லை. முன்பக்கம் கனத்து, பின்னால் போகப் போக இளைத்துக்கொண்டே வருகிறது. சிறந்த தொடருக்கான நாமினேஷன் 1995 முதல் 2001 வரை ஏழு வருஷம் தொடர்ந்து வந்தது. அதன்பின் எட்டு வருஷம் ஓடியும் அந்தப் பட்டியல் பக்கம் அது திரும்ப வரவே இல்லை.

அடுத்து, இந்த 23 யார் கைக்குப் போனது என்று பிரிக்க வேண்டும். தொடருக்கு 1. இயக்கத்துக்கு 2: மிமி லெடர் 1995-ல், ராட் ஹோல்கம் 2009-ல். எழுத்துக்கு 1: லான்ஸ் ஜென்டைல், 1995. நடிப்புக்கு 3: ஜூலியானா மார்குலீஸ் 1995-ல் துணை நடிகை, சாலி ஃபீல்ட் 2001-ல் விருந்தினர் நடிகை, ரே லியோட்டா 2005-ல் விருந்தினர் நடிகர். ஆச்சா, 7. மிச்சம் 16-ம் எடிட்டிங், ஒலிக்கலவை, நடிகர் தேர்வு மாதிரியான வேலைகளுக்கு வந்தவை. அதாவது மூன்றில் இரண்டு பங்கு, முகம் தெரியாத ஆட்களுக்கு.

அந்த 16-ஐ ‘சின்ன விருது’ என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. வீட்டை ஷூட்டிங்குக்கு விட்டவர்களிடம் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நடிகர் வந்து நிற்பது பத்து நிமிஷம். அதற்கு முன் ஆர்ட் அசிஸ்டென்ட் பட்டாலையில் பெஞ்சைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, லைட்காரர் முற்றத்து வெயிலைத் துணி கட்டி மறைத்து, ஜெனரேட்டர் சத்தம் மைக்கில் விழாதபடி வண்டியைத் தெருக்கோடிக்குத் தள்ளி என்று அரை நாள் போய்விடும். ஆஸ்பத்திரி சீரியலில் இந்த வேலை இரட்டிப்பாகும்.

ஒலிக்கலவையையே எடுத்துக்கொள்வோம். அடிபட்டவர்களுக்கு அவசர சிகிச்சை செய்யும் ‘ட்ராமா’ அறைக் காட்சி ஒன்றில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். மானிட்டர் பீப் அடிக்கிறது, தள்ளுவண்டிச் சக்கரம் தரையில் உருள்கிறது, கத்தரி டிரேயில் விழுகிறது, வெளியே யாரோ அழுகிறார்கள். நம்மூர் சீரியல்களில் குரலை டப்பிங்கில் தனியாகச் சுத்தமாக எடுத்துவிடும் பழக்கம் வெகுகாலம் இருந்தது. அங்கே செட்டிலேயே பதிவான குரல்தான் பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். கலவை செய்கிறவர் இத்தனை சத்தத்தையும் உயிரோடு வைத்துக்கொண்டே, கதை திரும்புகிற அந்த ஒற்றை வரியை மட்டும் காதில் ஏற்ற வேண்டும். சத்தத்தைக் குறைத்தால் அவசரம் போய்விடும். கூட்டினால் வசனம் போய்விடும். இந்த வித்தியாசம் கேட்கிறவருக்குத் தெரியாது, இன்னொரு ஒலிக்கலவைக்காரருக்குத் தெரியும். எம்மி ஓட்டுப் போடுகிறவரும் அவர்தான்.

கேமராவும் அப்படி. ஆடாமல் படம்பிடிக்க உதவும் ஸ்டெடிகேமை உடம்பில் கட்டிக்கொண்ட ஆள் தள்ளுவண்டிக்கு முன்னால் பின்பக்கமாகவே நடப்பார், வெட்டில்லாமல். கேமரா சுற்றிச் சுழன்றால் லைட் ஸ்டாண்டு எங்கே ஒளியும்? அதனால் செட்டுக்குக் கூரையே போட்டு, கூரையில் இருக்கும் டியூப்லைட்டையே படப்பிடிப்பு வெளிச்சமாக்கிக்கொண்டார்கள். இப்படி எடுத்ததை எடிட்டர் எங்கே வெட்டுவது என்பது அடுத்த தலைவலி.

இந்தக் கைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த எபிசோடு ஒன்று உண்டு. ஈ.ஆர். விருதுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இதை மட்டும் பார்க்கலாம். முதல் சீசனின் 19-வது எபிசோடு, ‘லவ்ஸ் லேபர் லாஸ்ட்’, 1995 மார்ச் 9-ல் ஒளிபரப்பானது. இயக்கம், எழுத்து, எடிட்டிங் மூன்றுக்கும் எம்மி.

நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் அடிக்கடி சிறுநீர் போகிறது என்று வருகிறார். டாக்டர் மார்க் கிரீன் நீர்த்தாரைத் தொற்று என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார். அன்றே அவருக்கு வலிப்பு வந்து திரும்பக் கொண்டுவருகிறார்கள். பிரசவ ஜன்னி, அதாவது எக்லாம்ப்சியா. ஏறிய ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் போகும் புரதத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும். நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு மாதமும் பிபி பார்த்து, யூரின் ஆல்புமின் பார்த்து அட்டையில் எழுதுவது இதற்காகத்தான். அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கல். பிரசவ டாக்டர் வந்து சேரவில்லை. குழந்தையின் தலை வந்து தோள் மாட்டிக்கொள்கிறது. எமர்ஜென்சியிலேயே வயிற்றைக் கிழிக்க வேண்டியதாகிறது. குழந்தை பிழைக்கிறது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கடைசிக் காட்சியில் கிரீன் ரயிலில் உட்கார்ந்து அழுகிறார்.

இதை எழுதிய லான்ஸ் ஜென்டைல் தொழில்முறையில் எமர்ஜென்சி டாக்டர். அதனால்தான் தவறு நடக்கிற விதம் சரியாக இருக்கிறது. மோசமான டாக்டர் செய்யும் தவறு இல்லை அது. நல்ல டாக்டர், கூட்டம் நிறைந்த நாளில், முதலில் தோன்றிய காரணத்தோடு நின்றுவிடும் தவறு. நம்ம சீரியல்களில் ஐசியு கதவு, கையைப் பிசையும் குடும்பம், ‘24 மணி நேரம் போனாத்தான் சொல்ல முடியும்’ என்ற ஒரு வரி. இவற்றோடு வைத்தியம் முடிந்துவிடும். அந்தக் கதவுக்கு உட்பக்கம் நடப்பதை முக்கால் மணி நேரத்துக்குக் கதையாக்க முடியும் என்று காட்டியதற்குக் கிடைத்த மூன்று சிலைகள் இவை.

ஓட்டு எப்படி விழுகிறது என்று தெரிந்தால் பட்டியலின் மற்ற விசித்திரங்களும் புரியும். பிரைம்டைம் எம்மியைக் கொடுப்பது டெலிவிஷன் அகாடமி. தொழிலில் இருப்பவர்களே உறுப்பினர்கள். நடிகருக்கு நடிகர் ஓட்டு, எடிட்டருக்கு எடிட்டர் ஓட்டு. தொடருக்கு மட்டும் எல்லோரும். முதல் சுற்றில் நாமினேஷன், இரண்டாம் சுற்றில் விருது. நடிகர்கள் அந்த வருஷத்தில் தாங்கள் நன்றாகச் செய்த ஒரு எபிசோடைப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். ஈ.ஆர். காலத்தில் சின்னச் சின்னக் குழுக்கள் டேப்பைப் பார்த்து முடிவு செய்தன. 2015-லிருந்து இறுதிச் சுற்றும் அந்தந்தப் பிரிவின் தகுதியுள்ள உறுப்பினர்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

இதில், ஒரு நாயகன் என்றில்லாமல் பல நடிகர்கள் சேர்ந்து தாங்கும் இந்த மாதிரி சீரியலுக்கு இரண்டு இடத்தில் அடி விழும். ஒன்று, ஓட்டுச் சிதறல். 1995-ல் சிறந்த நடிகர் பிரிவில் ஆண்டனி எட்வர்ட்ஸும் ஜார்ஜ் க்ளூனியும் இருவருமே ஈ.ஆர்.-க்காக நின்றார்கள். துணை நடிகர் பிரிவில் நோவா வைலியும் எரிக் லா சாலும். நாலு பேரும் வெறுங்கையோடு போனார்கள். இரண்டு, எபிசோடு. 22 எபிசோடில் பத்துப் பேருக்குக் கதையைப் பங்கு போட்டுக் கொடுத்தால், ஒருவருக்கு ஒரு எபிசோடில் கிடைப்பது சில நிமிஷம்தான். ஓட்டுப் போடுகிறவர் பார்க்கும் அந்த ஒரு எபிசோடில் நீங்கள் முழுசாக இல்லையென்றால் வருஷம் முழுக்க நன்றாக நடித்தும் பயனில்லை.

எட்வர்ட்ஸையும் க்ளூனியையும் தாண்டி அன்றைக்கு யார் ஜெயித்தது? மாண்டி பட்டின்கின், ‘சிகாகோ ஹோப்’ சீரியலுக்காக. அதுவும் ஆஸ்பத்திரிக் கதை, அதே சிகாகோ, அதே 1994 செப்டம்பரில் போட்டிச் சேனலான சிபிஎஸ்ஸில் ஆரம்பித்தது. ரேட்டிங்கில் ஈ.ஆர். அதை ஓரங்கட்டிவிட்டது. 6 சீசனோடு முடிந்தது. ஆனால் அதன் பெயரில் சிறந்த நடிகர் பட்டின்கின், துணை நடிகர் ஹெக்டர் எலிசாண்டோ 1997-ல், சிறந்த நடிகை கிறிஸ்டீன் லாட்டி 1998-ல் என்று மூன்று நடிப்பு எம்மி. 15 வருஷம் ஓடிய ஈ.ஆர்.-க்கு முதன்மை நடிகர், முதன்மை நடிகை இரண்டும் ஒருபோதும் கிடைக்கவில்லை. வினாடி வினா நடத்துகிறவர்கள் ‘எத்தனை எம்மி’ என்று கேட்பதை விட்டுவிட்டு இதைக் கேட்கலாம்.

நிரந்தர நடிகர்களில் வாங்கிய ஒரே ஆள் மார்குலீஸ். அவர் செய்த நர்ஸ் கேரல் ஹாத்தவே, முதல் எபிசோடிலேயே தற்கொலை முயற்சியில் செத்துப்போக வேண்டிய பாத்திரம். ஒளிபரப்புக்கு முன் போட்டுக் காட்டிய பார்வையாளர்களுக்குப் பிடித்துப்போனதால் பிழைக்க வைத்தார்கள். மறு வருஷம் எம்மி.

விருந்தினர் நடிகர்கள் ஏன் சுலபமாக வாங்குகிறார்கள் என்பதும் இங்கே விளங்கும். நோயாளியாக வருகிறவருக்கு அந்த ஒரு எபிசோடுதான் முழு வாழ்க்கை. கதவைத் திறந்துகொண்டு வந்து, பயந்து, பொய் சொல்லி, உண்மையை ஒப்புக்கொண்டு, பிழைத்தோ செத்தோ போய்விடலாம். ரே லியோட்டா 11-வது சீசனில் செய்தது அதுதான், குடியால் ஈரல் கெட்டு ஒரே எபிசோடில் செத்துப்போகும் மனிதர். சாலி ஃபீல்ட் செய்தது நர்ஸ் அப்பி லாக்ஹார்ட்டின் அம்மா, இருமுனை மனநோய் உள்ளவர். ஆஸ்பத்திரி சீரியல்களில் இது பழைய வழக்கம். ‘செயின்ட் எல்ஸ்வேர்’ சீரியலில் ஒரே எபிசோடில் நோயாளிகளாக வந்த டோரிஸ் ராபர்ட்ஸ், ஜேம்ஸ் கோகோ இருவரும் 1983-ல் எம்மி வாங்கினார்கள்.

பின்வருஷங்களில் ஏன் வறட்சி? தரம் விழுந்தது பாதிக் காரணம்தான். ஒரு சீரியல் புதிதாகக் கொண்டுவந்ததை நாலு வருஷத்தில் எல்லாரும் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். ஓடிக்கொண்டே காட்டும் கேமரா, புரியாத மருத்துவச் சொற்களை விளக்காமலே விட்டுவிடுவது எல்லாம் பொதுச்சொத்தாகிவிட்டன. இன்னொன்று, 22 எபிசோடு எடுப்பவர் 13 எபிசோடு எடுக்கும் கேபிள் சீரியலோடு போட்டி போடுவது, கல்யாணப் பந்தியில் 500 பேருக்குப் பரிமாறுகிறவர் பத்துப் பேர் விருந்தோடு போட்டி போடுவது மாதிரி. இரண்டுக்கும் கைப்பக்குவம் வேண்டும். ருசி பார்க்கிற நீதிபதிக்கு மட்டும் பத்துப் பேர் விருந்துதான் பிடிக்கும். ஆனாலும் 2009-ல் கடைசி எபிசோடுக்காக ராட் ஹோல்கமுக்கு இயக்கத்துக்கான எம்மி வந்தது. 1994-ல் முதல் எபிசோடை இயக்கியவரும் அவர்தான்.

எம்மி தவிர மற்ற அலமாரிகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்க நடிகர் சங்கம் கொடுக்கும், அப்போது சாக் என்று பெயர் இருந்த விருதில் ‘மொத்த நடிகர் குழு’ என்று ஒரு பிரிவு உண்டு. எம்மியில் சிதறுகிற ஓட்டு இங்கே ஒன்றாகச் சேரும். ஈ.ஆர். அதை 1996 முதல் 1999 வரை நாலு வருஷம் தொடர்ந்து வாங்கியது. கோல்டன் குளோபில் நாமினேஷன் நிறைய, கையில் வந்தது 1998-ல் ஆண்டனி எட்வர்ட்ஸுக்கு ஒன்று. பீபாடி விருது ஜார்ஜியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பிரிவுக்கு இத்தனை என்ற கணக்கு கிடையாது, குழு ஒருமனதாகச் சொன்னால்தான் விருது. அது 1995-க்கு வந்தது. என்னைக் கேட்டால் இந்த அலமாரியில் கனமானது அந்த பீபாடிதான். ஒருத்தர் ‘வேண்டாம்’ என்றாலும் வராத விருது அது.

நம்மூரில் சன், விஜய், ஜீ தமிழ் என்று ஒவ்வொரு சேனலும் தன் சீரியலுக்குத் தானே விருது கொடுத்துக்கொள்கிறது. சிறந்த மாமியார், சிறந்த மருமகள் என்று உறவுமுறைப்படி. அது வீட்டு விசேஷம், பங்காளிகளுக்குள் செய்துகொள்ளும் முறை. தப்பில்லை. அதையும் எம்மியையும் ஒரே பத்தியில் எழுதக் கூடாது. தமிழ்நாடு அரசின் சின்னத்திரை விருதுகள் எல்லாச் சேனலுக்கும் பொது என்பதால் ஒப்பிட அதுவே பொருத்தம்.

வருஷக் குழப்பம் அடுத்த பொறி. எம்மிக்குக் கணக்கு ஜூன் 1 முதல் மறு மே 31 வரை, விழா வழக்கமாக செப்டம்பர். கோல்டன் குளோபுக்கு ஜனவரி முதல் டிசம்பர், விழா மறு ஜனவரி. ஆக, 1997-ல் பார்த்த நடிப்புக்கு வரும் குளோப் ‘1998’ என்று எழுதப்படும். பீபாடியோ ஒளிபரப்பான வருஷத்தின் பெயராலேயே நிற்கும். 2023-ல் ஹாலிவுட் வேலைநிறுத்தத்தால் 75-வது எம்மி விழா 2024 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 76-வதும் அதே 2024 செப்டம்பரில் நடந்தது. ‘2024 எம்மி’ என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியாது.

எம்மியிலேயே பல வகை என்பதும் நினைவில் இருக்கட்டும். பிரைம்டைம் வேறு, பகல்நேரம் வேறு, சர்வதேசம் வேறு. 1963-லிருந்து ஓடும் ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ பகல்நேர சீரியல். பகல்நேர எம்மியில் சிறந்த தொடர் விருதை அதிகத் தடவை வாங்கியது அதுதான். அந்த எண்ணிக்கையை ஈ.ஆர். எண்ணிக்கையோடு கூட்டினால் படியையும் முழத்தையும் கூட்டியது மாதிரி. 2020-ல் நம் நாட்டின் ‘டெல்லி கிரைம்’ வாங்கியது சர்வதேச எம்மி.

பிரிவும் ஏமாற்றும். கொரியப் போர்க்கள ஆஸ்பத்திரியை வைத்து 1972 முதல் 1983 வரை ஓடிய ‘மாஷ்’ 14 எம்மி வாங்கியது, ஆனால் நகைச்சுவைத் தொடராக. அதில் நடிப்பு, எழுத்து, இயக்கம் மூன்றுக்கும் ஆலன் ஆல்டா எம்மி வைத்திருக்கிறார். ‘செயின்ட் எல்ஸ்வேர்’ 13 எம்மி வாங்கியும் சிறந்த தொடர் ஒருமுறைகூட இல்லை. திரையில் கணவன் மனைவியாக நடித்த வில்லியம் டேனியல்ஸும் போனி பார்ட்லெட்டும் நிஜத்திலும் கணவன் மனைவி. 1986-ல் ஒரே இரவில் இருவரும் வாங்கினார்கள்.

‘ஹவுஸ்’ நாயகன் ஹியூ லாரிக்கு 6 எம்மி நாமினேஷன், விருது பூஜ்யம். கோல்டன் குளோப் மட்டும் 2006, 2007 இரண்டு வருஷமும். அந்த சீரியல் வாங்கிய எம்மிகளில் ஒன்று எழுத்துக்கு: 2005-ல் டேவிட் ஷோர், ‘த்ரீ ஸ்டோரீஸ்’ எபிசோடுக்கு. ‘கிரேஸ் அனாடமி’ 2019 பிப்ரவரியில் 332-வது எபிசோடோடு ஈ.ஆர்.-ஐ நீளத்தில் தாண்டியது. அதில் எம்மி வாங்கிய நிரந்தர நடிகை கேத்ரின் ஹைகல், 2007-ல். அடுத்த வருஷம் அவரே, விருதுக்குத் தகுந்த கதை எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பெயர் கொடுக்காமல் ஒதுங்கினார். பெயர்ப்பாத்திரமான கிரேயாக நடிக்கும் எலன் பாம்பியோவுக்கு அந்த வேடத்துக்காக எம்மி நாமினேஷன்கூடக் கிடைத்ததில்லை. பிரிட்டனின் ‘கேஷுவல்டி’ 1986 முதல் ஓடுகிறது. அங்கே விருது கொடுக்கும் அமைப்பான பாஃப்டா ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது: வருஷம் பூராவும் ஓடுகிற தொடர்களுக்குத் தனிப் பிரிவு. கேஷுவல்டி 2007-லும் 2018-லும் அதை வாங்கியது. பந்திச் சமையலுக்குப் பந்திச் சமையலோடுதான் போட்டி.

விருது அளக்காத சங்கதி ஒன்று உண்டு: வைத்தியம் சரியா என்பது. 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஈ.ஆர்., சிகாகோ ஹோப், இன்னொரு மீட்பு நிகழ்ச்சி மூன்றிலும் நெஞ்சை அழுத்திச் செய்யும் சிபிஆர் 60 முறை வந்ததை எண்ணினார்கள். அந்த நேரத்தில் உயிர் திரும்பியது 75 சதவீதம், வீடு திரும்பியதாகத் தெரிந்தது 67 சதவீதம். நிஜ ஆஸ்பத்திரியில் அதன் பக்கத்தில்கூட வராது. ஈ.ஆர். சிறந்த தொடர் விருது வாங்கியதும் அதே 1996-ல்தான். இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 2008-ல் கிரேஸ் அனாடமியில் ஒரு எபிசோடு: எச்ஐவி உள்ள பெண், தக்க சிகிச்சை எடுத்தால் குழந்தைக்கு நோய் வராமல் இருக்க 98 சதவீத வாய்ப்பு உண்டு என்று கதைக்குள் சொன்னார்கள். கைசர் அறக்கட்டளை பார்வையாளர்களை முன்னும் பின்னும் கேட்டது. அந்த விவரம் தெரிந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 61 ஆனார்கள். ஆறு வாரம் கழித்துக் கேட்டபோது 45-க்கு இறங்கியிருந்தது. இதற்குச் சிலை கிடையாது, பேரேட்டில் தனிப் பக்கம் போடலாம்.

நீங்களே ஒரு சீரியலுக்குக் கணக்கு எழுதுவதானால் நெடுக்காகக் கோடு போட்ட ஏழு பத்தி போதும்: எந்த அமைப்பு, விழா நடந்த தேதி, எந்த சீசனுக்கு, பிரிவு, எபிசோடு, பெயர், நாமினேஷனா விருதா. கடைசிப் பத்தியை முதலில் நிரப்புங்கள், அங்கேதான் தவறு நுழைகிறது. எழுத்துக்கும் ஒலிக்கலவைக்கும் ஒரே விருதைக் குழுவாக வாங்குவார்கள். ஐந்து பெயர் இருந்தாலும் விருது ஒன்றுதான், ஐந்தாக எண்ணாதீர்கள். சீசன் பத்தியை விட்டுவிட்டால் இளைப்பு தெரியாது. எழுதி முடித்ததும் நாமினேஷனை ஒரு தொகை, விருதை ஒரு தொகை போட்டு, அந்தந்த அமைப்பின் தளத்தில் இருக்கும் மொத்தத்தோடு தட்டிப் பாருங்கள். ஒன்று இரண்டு இடித்தால் பெரும்பாலும் குழு விருதிலோ, வருஷம் மாறிய குளோபிலோதான் சிக்கல் இருக்கும்.

நோவா வைலிக்கு ஈ.ஆர்.-ல் டாக்டர் ஜான் கார்ட்டர் வேடம். 1995 முதல் 1999 வரை வருஷம் தவறாமல் ஐந்து துணை நடிகர் நாமினேஷன், விருது இல்லை. 2025 செப்டம்பரில், பிட்ஸ்பர்க் எமர்ஜென்சியில் ஒரே ஷிஃப்டை 15 எபிசோடில் மணிக்கு மணி காட்டும் ‘தி பிட்’ சீரியலுக்காகச் சிறந்த நடிகர் எம்மியை வாங்கினார். சிறந்த தொடரும் அதற்கே. துணை நடிகை கேத்ரின் லனாசா, விருந்தினர் நடிகர் ஷான் ஹாட்டோசி. ஈ.ஆர்.-ஐ எழுதித் தயாரித்த ஜான் வெல்ஸும் ஸ்காட் ஜெம்மிலும் இதிலும் இருக்கிறார்கள் என்பதால், இந்தச் சிலைகளையும் சேர்த்து ஈ.ஆர்.-க்கு வரவு வைக்கும் குறிப்புகள் வரும். 1999-ல் நின்ற பாக்கி வைலியின் பெயரில் நேராகியிருக்கலாம். ஈ.ஆர். பக்கத்தில் அது 23-தான். இதற்குப் புதுப் பேரேடு போட வேண்டும்.